அம்மா அழும் பக்கம்

1997 பெப்ரவரி 3, திங்கள்

இதைக் கண்டெடுத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். வாசித்தே ஆகவேண்டும் என்றால் வாசித்துவிட்டுக் கிழித்து ரொயிலற்றில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுங்கள். மாமாவிடம் காட்ட வேண்டாம். மாமியிடமும். நிரோ, நீ என்றால், உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "இதிலை என்ன இருக்கு" என்று யாரிடமும் கொண்டுபோகாதே. பிளீஸ்.

வெளியே மைனஸ் பதினெட்டு. எலிவேற்றர் ஒன்று பழுது. வாஷ்ரூமில் இருந்து எழுதுகிறேன், ஃபானைப் போட்டுவிட்டு. கெமிஸ்ட்ரி கொப்பியின் பின் பக்கங்கள். ஒளிக்கும் இடம் நப்கின் பெட்டி.

முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதினால் பயம் குறையும் என்று இங்கிலிஷ் ரீச்சர் சொன்னார். ஆகவே முதலிலிருந்து.

என் பெயர் தர்சினி. வயது பதினெட்டு. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். அப்பா சாம்பியாவில் கணக்கு வாத்தியார். என்னை மாணவர் விசாவில் இங்கே ஸ்காபரோவுக்கு, அம்மாவின் தம்பி வீட்டுக்கு, அனுப்பி மூன்று வருடம். இங்கே மாமா, மாமி, அவர்களின் மகள் நிரோ, நான். போன ஒக்ரோபரில் அப்பா வகுப்பில் படிப்பித்துக்கொண்டு நிற்கும்போதே விழுந்து செத்துப்போனார். வேறு பிள்ளைகள் இல்லை. அம்மா தனியாகக் கொழும்புக்குப் போய் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கிறா. சொந்த ஊர் யாழ்ப்பாணம். அங்கே போக இப்போது வழியில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் முடிகிறது. ஓகஸ்ட் கடைசியில் விசா முடிகிறது.

இன்று கைடன்ஸ் ரீச்சர் கூப்பிட்டார். யூனிவர்சிற்றி விண்ணப்பத்தில் ஒரு கட்டம். பிரஜையா, நிரந்தர வதிவிடம் உள்ளவரா, வெளிநாட்டு மாணவரா. நான் மூன்றாவதைக் காட்டினேன். ரீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். செத்தவீட்டில் கதைக்கிற குரல்.

இங்கே எங்கள் ஆட்கள் நிரந்தர வதிவிடத்தைப் 'பேப்பர்' என்பார்கள். அவனுக்குப் பேப்பர் வந்திட்டுது. அவளுக்குப் பேப்பர் இல்லை, பாவம்.

கொழும்புக்குத் திரும்பிப் போனால்? பொலிஸ் பதிவு, அறை அறையாகச் சோதனை. அம்மா கடிதத்தில் அதெல்லாம் எழுதுவதில்லை. அடுத்த அறைப் பிள்ளையைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். மாமா மாமிக்குச் சொன்னது சுவருக்குள்ளால் கேட்டது. அந்தப் பிள்ளைக்கும் பதினெட்டு.

நாளை பிசிக்ஸ் ரெஸ்ற். ஒன்றும் படிக்கவில்லை.


பெப். 8, சனி

பனி கொட்டியது. காரைத் தோண்டி எடுக்கவே முக்கால் மணி. அஜின்கோர்ட் பிளாசாவில் சேலைக்கடைக்கு மேல் செல்வம் அங்கிளின் ஒபிஸ். லோயர் இல்லை. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். இங்கே எல்லாருக்கும் போர்ம் நிரப்பிக் கொடுப்பார். ஹீற்றர் இல்லை, கோட்டைக் கழற்றாமல் இருந்தோம். மாமா, மாமி, நான்.

"தகப்பன் மோசம் போயிட்டார். சரி. தாய்?"

"கொழும்பிலை" என்றார் மாமா.

"அதுதான் பிழை."

அம்மா ஏதோ பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டமாதிரிச் சொன்னார்.

"தம்பி, கேளும். தாய் தகப்பன் ரெண்டுபேரும் இல்லாத மருமகள் எண்டால் தாய்மாமன் பொறுப்பெடுக்கலாம். பத்தொன்பது முடிய முன்னம் போடவேணும். கலியாணம் கட்டியிருக்கப்படாது. திறந்து கிடக்கிறது அந்த ஒரு கதவுதான். அதுக்குள்ளை உங்கட அக்கா நிக்கிறா."

"அகதிக் கேஸ்?"

"பிள்ளை ஆபிரிக்காவிலை யூனிபோம் போட்டுப் படிச்சது. என்ன கதை சொல்லுறது? சிங்கம் துரத்தினது எண்டோ?"

மாமா சிரிக்கவில்லை. "அண்ணை, அக்காதான் என்னை வளத்தவ."

"நான் என்ன, கழுத்தைத் திருகச் சொல்லுறனே? கடுதாசியிலைதானே."

மாமி கோட்டை இழுத்து மூடிக்கொண்டு கேட்டா. "கடுதாசியிலை செத்தால் கடுதாசியிலை துடக்கும் காக்கவேணுமோ, முப்பத்தொரு நாள்?"

அங்கிள் மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு சீரியஸாக: "ஒண்டு சொல்லுறன். உங்கட சிற்றிசன் போர்மும் உள்ளுக்கை கிடக்கு. பொய் எண்டு பிடிபட்டால் அதுவும் போம். ரெண்டுபேரும் யோசிச்சுச் செய்யுங்கோ."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கீழே கடையில் மாமி கத்தரிக்காய் வாங்கினா.


பெப். 9, ஞாயிறு

இரவு ஒன்பதரைக்கு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். அங்கே திங்கள் காலை. லொட்ஜுக்குக் கீழே கொமியூனிகேஷன் கடை, போய்க் கூட்டிக்கொண்டு வருவார்கள், காத்திருக்க வேண்டும்.

முதலில் மாமா கதைத்தார். "அங்கை வெயிலோ அக்கா?" கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும், "அங்கை வெயிலோ?" மாமி ரிசீவரைப் பறித்து விஷயத்தைச் சொன்னா, நாலே வசனத்தில். பிறகு என் கையில்.

"அம்மா, வேண்டாம்."

"போடட்டும் பிள்ளை."

"என்னெண்டு அம்மா..."

"நான் என்ன, உண்மையாவே போகப்போறனே? அங்கை ஒரு கடுதாசியிலை செத்துக்கிடப்பன். இஞ்சை இருந்து இடியப்பம் தின்னுவன்." சிரித்தா. லைனில் எங்கள் சிரிப்பு பிந்திப் பிந்தி வரும், அம்மாவுடையது இரண்டு தரம் கேட்டது. "திகதி வைச்சிட்டினமோ?"

"இல்லை."

"சனிக்கிழமை மட்டும் வைக்கவேண்டாமெண்டு மாமிக்குச் சொல்லு. சனிப்பிணம் துணை தேடும்."

இதையெல்லாம் அம்மா காய்கறி வாங்கச் சொல்லிவிடுகிற குரலில் சொன்னா.

பிறகு: "இனி உன்ர பேருக்குக் கடிதம் போடேல்லை. மாமியின்ர பேருக்கு, அவவின்ர தமக்கை எழுதுறமாதிரி எழுதுறன். நீ வாங்கி வாசி."


பெப். 12, புதன்

கையெழுத்து வைத்தாயிற்று.

அம்மா செத்த திகதியாக அங்கிள் முதலில் எழுதியது போன வருடம் ஜனவரி 20. ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் என்று. அப்பாவுக்கு முன்பே அம்மா போய்விட்டதாக. மாமி கோயில் கலண்டர் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தா, பழையது. விரலால் எண்ணிப் பார்த்தா. சனி.

"அண்ணை, தள்ளிப் போடுங்கோ."

"எத்தினை நாள்?"

"புதன் வரட்டும்."

"சரி, 24. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது எண்டு சும்மாவோ சொன்னவை."

கொடுத்தவை, கொடுக்கவேண்டியவை:
– அப்பாவின் மரணப் பத்திரம். உண்மை.
– மாமாவின் வேலைக் கடிதம். உண்மை.
– பள்ளிக்கூடக் கடிதம், 'கெட்டிக்கார மாணவி'. அரைவாசி உண்மை.
– என் படம் நாலு. கண் வீங்கியிருக்கிறது.
– அம்மாவின் மரணத்துக்கு ஊர் விதானையாரின், அதாவது கிராம அதிகாரியின், கடிதம். அங்கிளின் ஆள் ஒழுங்குபண்ணுவார். அரசாங்கக் கச்சேரிக் கந்தோர் எரிந்து போனதால் பதிவு தேட வழியில்லை என்றும் எழுதுவாராம்.

போன வருடம் ஜனவரி 24 அம்மா என்ன செய்தா? அந்த மாதம் எனக்குப் பேசி ஒரு கசற் அனுப்பினா. நடுவில் பிரஷர் குக்கர் விசிலடிக்கும். "பொறு பிள்ளை, பருப்பு" என்று எழும்பிப் போவா.

முதல் எழுத்தே கோணிப்போனது. "வடிவாப் போடு, பாஸ்போட்டிலை கிடக்கிறமாதிரி" என்றார் அங்கிள்.


மார்ச் 16, ஞாயிறு

விதானையாரின் கடிதம் வந்துவிட்டது. நீல மையில், சீல் குத்தி. நல்ல எழுத்து.

செல்வம் அங்கிள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் அடுக்கினார். மாமா அப்பாவின் கல்வெட்டையும் எடுத்துவந்து நீட்டினார்.

(தெரியாதவருக்காக: எங்கள் ஆட்கள் செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அட்டையில் செத்தவரின் படம். உள்ளே தேவாரம், குடும்ப விபரம், பிறகு ஒவ்வொருவரும் அழுகிறமாதிரிப் பாட்டு. மனைவி புலம்பல், மகள் புலம்பல். அதற்குப் பெயர் கல்வெட்டு. அப்பாவுடையதை மாமா இங்கே பிளாசாவில் அடிப்பித்தார். பாட்டு எழுதியவர் அம்மாவைக் கண்டதே இல்லை.)

"இதையும் வைப்பம் அண்ணை. வடிவா அடிச்சது. அத்தானின்ர படமும் இருக்கு."

அங்கிள் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி வாசித்தார். புத்தகத்தை மேசையில் அடித்தார்.

"விசரோ தம்பி உமக்கு? செத்த மனிசி உதுக்குள்ளை இருந்து ஒப்பாரி வைக்கிறா!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்தேன். மாமாதான் முதலில் நிறுத்தினார்.

புத்தகத்தை ரீவிக்கு மேல் வைத்தார்கள். என்வலப்பை நாளைக்கு ஒட்டிப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் படுத்தார்கள்.

இப்போது நான் செய்ததை எழுதுகிறேன்.

எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பள்ளிக்கூடக் கடிதத்துக்கும் மாமாவின் வேலைக் கடிதத்துக்கும் நடுவில்.

ஏன் என்று கேட்டால். அந்த என்வலப்புக்குள் எங்கே பார்த்தாலும் அம்மா செத்துக் கிடக்கிறா. போர்மில், விதானையாரின் கடிதத்தில், என் கையெழுத்துக்கு மேலே. ஒரு பக்கத்திலாவது இருக்கட்டும் என்று. வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, யார் வாசிக்கப்போகிறார்கள். அவ்வளவுதான் யோசித்தேன்.

கைபிடித்த நாள்முதலாய்க் கண்போலக் காத்தவரே
மெய்விட்டுப் போகையிலே மெல்லவொரு சொல்லிலையோ

காசுக்கு எழுதின பாட்டு. ஆனாலும்.


மார்ச் 17, திங்கள்

காலையில் எழும்பி எடுத்துவிடலாம் என்று இருந்தேன். மாமா ஐந்து மணி வேலைக்குப் போகும்போதே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

கல்குலஸ் ரெஸ்றில் ஒரு கேள்வி முழுதாக விட்டுவிட்டேன்.

மாமி: "ரீவிக்கு மேலை கிடந்த கல்வெட்டு எங்கை?"

"என்ர சூட்கேஸிலை வைச்சனான் மாமி."

எவ்வளவு லேசாக வந்தது.


மே 11, ஞாயிறு

மழை. குளிர் போகவில்லை, மே மாதமாம்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. ஜூன் 10 இன்ரவியூ. மாமாவும் நானும் வரவேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அங்கிள் ரெலிபோனில், "கெதியாக் கூப்பிட்டிருக்கிறான், நல்ல சகுனம்." நான் வாஷ்ரூமுக்கு ஓடி வந்து கதவைப் பூட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருப்பார். அதை யோசிக்கவே இல்லை.

மாமாவிடம் சொல்லவேண்டும். இன்றைக்குச் சொல்லவேண்டும் என்று மூன்று நாளாக.

இன்று அன்னையர் தினம். நிரோ மாமிக்குக் கருகின ரோஸ்ற் கொண்டுபோய்க் கொடுத்தாள், கார்டும். பதினொரு வயது. பிறகு என்னிடம் வந்து, "மச்சாள், உங்கட மொம் எல்லாருக்கும் டெட்டா, இல்லாட்டி போர்முக்கு மட்டுமா?" மாமி முதுகில் ஒன்று வைத்தா. அவள் அழுதாள். "நான் சும்மா ஆஸ்க் பண்ணினன்!"

இரவில் பயிற்சி. குசினியில், மாமி பொரிக்க, மாமா கதிரையில் ஒபிசர்போல இருந்து.

"அம்மா எப்ப மோசம் போனவ?"

"போன வருசம் ஜனவரி 24."

"என்ன வருத்தம்?"

"காய்ச்சல்."

"ஆர் கொள்ளி வைச்சது?"

"சித்தப்பா."

மாமி திரும்பி, "உதென்ன, ரைம்ரேபிள் சொல்லுறமாதிரி? கொஞ்சம் முகத்தை வாடவிடன் பிள்ளை."

வாடவிட்டேன். "ஆ, அப்பிடி" என்றா.

அம்மாவின் கடிதம் வந்திருக்கிறது, மாமியின் பெயருக்கு. 'அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் வீட்டில் நிற்கும் அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதா?'

அந்தப் பிள்ளை.

மாமாவிடம் சொல்லவில்லை.


ஜூன் 9, திங்கள்

கடைசிப் பரீட்சைக்கு அட்டவணை போட்டுவிட்டார்கள். வகுப்பில் எல்லாரும் புரொம் சட்டை பற்றி.

இன்று மாமா சேட் அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். "என்ன பிள்ளை, பயமோ?" "ஓம்." "நான் பக்கத்திலை இருப்பன்தானே." என் சட்டையையும் வாங்கி அயர்ன் பண்ணித் தந்தார்.

அவ்வளவுதான் நடந்தது.


ஜூன் 10, செவ்வாய்

வெயில். மாமா ரை கட்டினார், கல்யாணத்துக்குக் கட்டியதாம். பார்க்கிங் தேடி இரண்டு தரம் சுற்றினோம்.

சின்ன அறை. ஜன்னல் இல்லை. ஒபிசர் நரைத்த பெண், கோபமில்லாத முகம். மொழிபெயர்ப்புக்கு எங்கள் ஆள் ஒரு அன்ரி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தா. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

முதலில் லேசான கேள்விகள். பள்ளிக்கூடம், எத்தனை பேர் ஒரு வீட்டில். பிறகு ஒபிசர் ஃபைலைத் திறந்தார். அப்பாவின் படம். புத்தகத்தின் நடுவில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது.

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது.

ஒபிசர் அன்ரியிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தார். தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். அன்ரி கண்ணாடியை மாட்டி வாசித்தா. ராகமில்லாமல், கடிதம் வாசிக்கிறமாதிரி.

பொட்டழிந்த நெற்றியுடன் பூவிழந்த கூந்தலுடன்
விட்டகன்ற உம்மையெண்ணி வீட்டிருந்து வாடுகிறேன்

'வாடுகிறேன்' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் நின்றது. பிறகு ஆங்கிலம்.

ஒபிசர்: இதில் அழுகிற பெண் யார்?

மாமா வாயைத் திறந்தார். "அது... அது ஒரு வழக்கம். புலவர் எழுதிறது. மனிசி இல்லாட்டியும் மனிசிக்கு ஒரு பாட்டு எழுதுவினம்." அன்ரி சொல்லுக்குச் சொல் மாற்றினா. இப்படி ஒரு வழக்கம் இல்லை என்று அவவுக்குத் தெரியும். அவ முகத்தில் ஒன்றுமில்லை.

ஒபிசர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கேட்டார். எனக்கு ஆங்கிலம் விளங்கியது. ஆனாலும் அன்ரி திருப்பிக் கேட்டா, அது அவவின் வேலை.

"பிள்ளை, உங்கட அம்மா உயிரோடை இருக்கிறாவோ?"

புத்தகத்தை உள்ளே வைத்தது நான். அம்மா ஒரு பக்கத்திலாவது இருக்கட்டும் என்று வைத்தவள் நான். ஓம் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடையாது. மாமாவின் முழங்கால் என் கதிரையில் இடித்துக்கொண்டிருந்தது.

"இல்லை. செத்துப்போனா. போன வருசம் ஜனவரி 24. காய்ச்சல். சித்தப்பா கொள்ளி வைச்சவர்."

கொள்ளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தானாக வந்தது. பிறகு அழுதேன், நடிக்கவில்லை, நிறுத்த முடியவில்லை. ஒபிசர் ரிஷ்யூப் பெட்டியைத் தள்ளி வைத்தார். மன்னிக்கவேண்டும், இப்படியான கேள்விகள் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது என்றார்.

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தா.

கடைசியில்: புத்தகத்தை வைத்திருப்பார்களாம். முழுவதையும் மொழிபெயர்க்க அனுப்புவார்களாம். பதில் தபாலில் வரும்.

காரில் மாமா வழி முழுக்கக் கதைத்தார். "நீ அழுதாய் பார், அதிலைதான் கேஸ் வெண்டது. அவளின்ரை முகத்தைக் கவனிச்சனியே?" பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போது, மெதுவாக: "அந்தப் புத்தகம். நான்தான் தவறி வைச்சிட்டன்போலை. இருட்டுக்கை எடுத்துக்கொண்டு போனனான். என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை."

"பரவாயில்லை மாமா" என்றேன்.

மாமி றோல்ஸ் பொரித்தா. செல்வம் அங்கிள் வந்து நாலு சாப்பிட்டார். "கெட்டிக்காரி! என்ர ஒபிசிலை வேலைக்கு வாறியே?" எல்லாருக்கும் சந்தோசம். ஒருவருக்கும் மூன்றாம் பக்கம் ஞாபகமில்லை.

மூன்றாம் பக்கம் குடும்ப விபரம். பாட்டு இல்லை, புலவர் இல்லை. 'அன்னார் கொழும்பில் வசிக்கும்' என்று தொடங்கி அம்மாவின் முழுப் பெயர், 'அவர்களின் அன்புக் கணவரும்'. அதை மொழிபெயர்க்க அந்த அன்ரிக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ. பிறகு எனக்குப் பேப்பர் இல்லை. மாமாவின் சிற்றிசனும் இல்லை. அம்மாவைக் கொன்றது சும்மா.

இப்போது சொன்னால் அங்கிளிடம் ஏதாவது வழி இருக்குமோ? நாங்களாகவே போய் உண்மையைச் சொன்னால்? சொல்வதென்றால் புத்தகம் எப்படி உள்ளே போனது என்பதையும் சொல்லவேண்டும். மாமா மன்னிப்புக் கேட்டதற்குப் பிறகு அதை எந்த வாயால்.

பத்தரை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா ரெலிபோன் கார்ட்டின் நம்பரைச் சத்தமாக வாசித்து வாசித்து அமத்துகிறார். பிழைத்துவிட்டது. திரும்பவும்.

"ஹலோ! அக்கா! வெண்டிட்டம் அக்கா!"

நாளைக்கு விடியச் சொல்லிவிடுவேன். அவர் வேலைக்குப் போக முன்பு, நாலரைக்கே எழும்பி, குசினியில் வைத்து. முதல் வசனம் மட்டும் இப்போதே எழுதி வைத்தால் பிறகு லேசு. மாமா, அந்தப் புத்தகத்தை

கதவில் தட்டுகிறார். "பிள்ளை, தர்சினி! உள்ளுக்கை என்ன செய்யிறாய்? அக்கா லைனிலை நிக்கிறா, கெதியா வா. நீ ஒபிசருக்குச் சொன்னதை அப்பிடியே அவவுக்கும் ஒருக்காச் சொல்லிக் காட்டு. உன்ர வாயாலை கேக்க ஆசையாம்